அப்பா சுட்ட அதிரசம்

குலா மலாக்கா பாகாகக் கொதிக்கும்போது முதலில் தேங்காய் வாசனையும், அதற்குப் பின்னால் லேசான புகை வாசனையும் வரும். அந்தத் தென்னஞ்சர்க்கரை வாசனை எங்கள் அடுப்படியில் முதன்முதலாக எழுந்த அன்று அடுப்புக்கு முன்னால் நின்றவர் அப்பா. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டிவிட்டு மதியம் வந்து குளித்தவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கியரைப் பிடிப்பதுபோலக் கரண்டியை இறுக்கிப் பிடித்தபடி பாகை முறைத்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்குத் தான்தான் அதிரசம் சுடப் போவதாக அவர் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது நாங்கள் மலாக்காவில், சிம்பாங் அம்பாட் பக்கம், ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், குடியிருந்தோம். அந்த வருஷம்தான் அம்மா செங் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதுவரை "லாரிக்காரர் பொஞ்சாதி" என்றே எல்லாரும் கூப்பிட்ட அம்மாவுக்கு அங்கே நீலச் சட்டையும், அதில் குத்திக்கொள்ள "சரோஜா" என்று பேர் போட்ட அட்டையும் கொடுத்திருந்தார்கள். ஃபேக்டரி பஸ் வருவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று அந்த அட்டையை நேராக்குவார். நேராகத்தான் இருக்கும், மறுபடியும் நேராக்குவார். அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததேயில்லை.

அத்தைக்குத்தான் அது பிடிக்கவில்லை. அத்தை அப்பாவின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். லயத்தின் முதல் வீட்டில் இருந்தார். அவர் பேச்சை அப்பா தட்டியது கிடையாது. எங்கள் லயத்தில் தீபாவளி என்றால் அது பலகாரத் தட்டுதான். "அச்சு முறுக்கு", "நெய் உருண்டை" என்று எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் தட்டின் நடுவில் அதிரசம் இருந்தாக வேண்டும். துண்டு போட்டு மூடிய தட்டு காலையில் வீடு வீடாகப் போகும், போன தட்டு வெறுமனே திரும்பாது, முதல் தட்டு மூத்தவரான அத்தைக்குப் போகும். அந்த வருஷமோ, தீபாவளிக்கு முந்தின நாள் வரைக்கும் அம்மாவுக்கு ஷிப்ட். புதிதாகச் சேர்ந்தவருக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அது காதில் விழுந்த அன்றைக்கே அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தீபாவளிக்கு வாணலி ஏறாத வீடு ஒரு வீடா, தம்பி? அவள வேலைய நிப்பாட்டச் சொல்லு."

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அத்தை போன பிறகு வெளியே வந்து, தீபாவளி முடிந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்வதாகவும், அத்தையோடு மல்லுக்கட்டத் தன்னால் ஆகாது என்றும் அப்பாவிடம் சொன்னார். அப்பாவோ, பலகாரம்தானே பிரச்சினை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பஸ்ஸுக்குக் கிளம்பு என்றார்.

அம்மா பக்குவம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் "தெரியும், தெரியும்" என்று அடக்கிவிட்டார். தெரியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கடையில் வெல்லம் தீர்ந்துபோயிருந்ததால் குலா மலாக்காவை வாங்கி வந்து, இனிப்பு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். பாகு காய்ச்சிப் பிசைந்த மாவை மூடி வைத்து, தீபாவளிக்கு முந்தின மத்தியானம் எண்ணெயைக் காய வைத்தார். முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் கரைந்து துகள் துகளாகப் போனது. அடுத்ததும் அப்படியே. கடையில் வாங்கித் தட்டில் வைத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் யோசனை சொன்னேன்.

"கடையில வாங்கினா அக்கா சொன்னது சரின்னு ஆயிரும்லா," என்றார் அப்பா.

எண்ணெயை வடிகட்டினார். ஒரு பிடி அரிசிமாவைச் சேர்த்துப் பிசைந்து ஒன்றைப் போட்டுப் பார்த்தார், பிரிந்தது. இன்னும் ஒரு பிடி சேர்த்தார், அதுவும் உடைந்தது. துருப்பிடித்த டயர் நட்டைத் திட்டுகிற வார்த்தைகளாலேயே வாணலியையும் திட்டினார். உடைந்ததையெல்லாம் நானும் கோழிகளும் தின்று தீர்த்தோம். பொழுது சாய்கிற நேரத்தில் ஒன்று உடையாமல் மேலே எழும்பி வந்தது. வட்டமாக இல்லை, பொன்னிறமாகவும் இல்லை, குலா மலாக்கா புண்ணியத்தில் நன்றாகவே கறுத்திருந்தது. ஆனாலும் அது அதிரசம்தான். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒவ்வொன்றாக அத்தனை மாவையும் சுட்டு முடித்தார்.

தட்டைத் தூக்கிக்கொண்டு போவது பெண் பிள்ளைகளின் வேலை. மறுநாள் காலையில் நான் கையை நீட்டினேன், அப்பா தரவில்லை. புது வேட்டியைக் கட்டிக்கொண்டு, தட்டைத் தானே ஏந்தி, அம்மாவைக் கூடவே வரச் சொல்லி, லயமே வேடிக்கை பார்க்க நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அத்தை வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அத்தை துண்டை விலக்கியதும் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை ஓர் அதிரசத்தை எடுத்துக் கடித்தார். கடிக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. யார் சுட்டது என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான்க்கா," என்றார் அப்பா. "அடுத்த வருஷமும் நான்தான் சுடுவேன். அவ வேலைக்குப் போவா."

அத்தையிடம் அப்பா எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை அவசரப்படாமல் மென்று விழுங்கினார், முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"பாகு பதம் வரல, மாவப் போட்டு ஒப்பேத்தியிருக்க. அடுத்த வருஷம் பாகு காய்ச்சறப்ப என்னையக் கூப்பிடு, தம்பி."

அவ்வளவுதான். எங்கள் தட்டில் தன் பலகாரத்தை நிரப்பி அம்மாவின் கையில் கொடுத்தார். லீவு முடிந்ததும் அம்மா வழக்கம்போல ஃபேக்டரி பஸ் ஏறினார். ஓய்வு பெறும் வரைக்கும் ஏறினார்.

இன்று அந்த லயம் இருந்த இடத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. இப்போது பாச்சாங்கில் இருக்கும் என் வீட்டுக்குப் பலகாரம் ஆர்டரில் வருகிறது, சிவப்பு மூடி போட்ட போத்தல்களில். துண்டு போட்ட தட்டு யார் வாசலுக்கும் போவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் தட்டோடு சேர்ந்து இன்னொன்றும் ஒழிந்தது. நானும் தீபாவளிக்கு முந்தின நாள் வரை ஆபீசில் இருக்கிறவள்தான், என் மகளும் அப்படித்தான். உங்கள் வீட்டில் வாணலி ஏறியதா என்று எங்களை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி போனது போனதாகவே இருக்கட்டும். திரும்பி வந்தால், அப்பா சொன்ன பதிலைச் சொல்ல நான் இருக்கிறேன்.