வடிகட்டியில் நின்ற தண்ணீர்

அன்று மாமல்லபுரம் மீன் காட்சியகத்தின் பம்ப் அறையில் இருந்தது மூன்றே பேர்: தொட்டிகளின் தண்ணீரையும் காற்றையும் கவனிக்கும் ஆபரேட்டர் அக்கா, எலக்ட்ரீஷியன், தரை துடைக்கும் நான்.

நெடுநேரம் நின்றிருந்த மின்சாரம் அப்போதுதான் வந்தது. அறையை ஒட்டிய தொட்டியின் அடியில் திருக்கை மீன் ஒன்று அசையாமல் கிடந்தது. உப்புக் கறை படிந்த பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அக்கா பம்பைப் போட்டார். ஆனால் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் சாக்கடைக்குத் திருப்பினார்.

"உள்ள வுடுக்கா, செத்துப்பூடும்!" என்று கத்தினேன்.

"வடிகட்டி மணல்ல நின்ன தண்ணி கெட்டுப்போயிருக்கும். அத்த வுட்டாதான் சாவும். கம்முனு இரு."

"மொதல்ல இவனுக்குக் காத்து வைக்கணும்" என்று என்னைக் காட்டிச் சிரித்தார் எலக்ட்ரீஷியன்.

கலங்கல் தெளிந்த பிறகே அக்கா தொட்டிக்குத் திறந்தார். சற்று நேரத்தில் திருக்கை துடுப்பை அசைத்தது.

"உனுக்கு பயமே கெடயாதாக்கா?"

"ஏன் இல்ல? உன்னவிட ஜாஸ்தி கீது" என்றார், வால்வைத் துடைத்தபடி.

அந்தப் பயத்தை எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.