வெற்றிலை மாற்றிய புதன்கிழமை

புதிதாக வரும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்து, மில்லில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்துவிட்டு, பிறகு சட்டம் படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிராக்டிஸ்.

1. மனு

ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் ஒன்றில் ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரம் ஓட்டும் கருப்பசாமி, கோர்ட் சம்மனோடு என் முன்னால் நின்றார். விவாகரத்து ஆகி மூன்று ஆண்டு. எட்டு வயது மகள் யாழினி, தாய் செல்வியிடம். ஞாயிறுதோறும் தகப்பன் பார்க்கலாம் என்பது பழைய உத்தரவு. இப்போது செல்வி மாற்றம் கேட்டு மனு போட்டிருந்தாள். பிள்ளையைத் திருப்பூருக்குக் கூட்டிப்போக அனுமதி வேண்டும். தகப்பன் ஒரு வருஷமாக ஞாயிறு வராததால் அவருடைய பார்வை உரிமையை நீக்க வேண்டும்.

"ஞாயிறு போனீங்களா?"

"போவல மேடம். மில்லுல வார ஓய்வ புதனுக்கு மாத்திட்டாக. ஒரு புதன்கூட விடாம பள்ளிக்கூட வாசல்ல நின்னு கூட்டிட்டுப் போவேன்."

"கோர்ட்ல மாத்தி வாங்கினீங்களா?"

"எதுக்கு மேடம்? அவ அண்ணன், எங்க சித்தப்பா எல்லாரும் இருக்கத்தான பேசுனோம். வெத்தல மாத்தியாச்சே."

என் சீனியர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, நிச்சயதார்த்தமா நடத்துன? கோர்ட்டு வெத்தல போடாதுய்யா."

கருப்பசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "பிள்ளையப் பாக்க முடியாமப் போயிருமா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

குழந்தை தொடர்பான உத்தரவு எதுவும் இறுதியானதல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றிக் கேட்கலாம். ஆனால் நீதிமன்றம் மாற்றும்வரை பழையதுதான் உத்தரவு. சொந்தக்காரர்கள் முன்னால் வெற்றிலை மாற்றிய பேச்சை யாராவது ஒருவர் மறுத்தால், கையில் ஒன்றும் நிற்காது.

2. சமரச மையம்

நீதிமன்றம் இரு தரப்பையும் சமரச மையத்துக்கு அனுப்பியது. அங்கே செல்வியின் அண்ணன் முருகன்தான் பேசினான். "ஞாயித்துக்கெழம வந்தாரா, வரலியா? அத மட்டும் கேளுங்க சார்."

"ஏட்டி செல்வி, புதன்கெழம பையில மாத்துத் துணி வச்சு, தல பின்னி நீதான பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வச்ச?" என்றார் கருப்பசாமி.

"இங்க ஏட்டி கீட்டின்னு கூப்பிடக் கூடாது," என்றார் சமரசர்.

செல்வி அண்ணனைப் பார்த்தாள். பிறகு, "வந்தாக சார். எல்லாப் புதனும் வந்தாக," என்றாள்.

"வாய மூடுட்டி!" என்றான் முருகன்.

"நீ செத்த சும்மா இருண்ணே. பிள்ளைக்குத் தெரியும்லா, பொய் சொல்லச் சொல்லுதியா?" என்றவள் சமரசர் பக்கம் திரும்பினாள். "தளவாய்புரத்துல நைட்டி தச்சுக்கிட்டு இருந்தேன் சார். யூனிட்ட மூடிட்டாக. திருப்பூர்ல வேல இருக்கு, தங்க எடமும் தாராக. அவிய பாக்கட்டும், நான் வேண்டாங்கல. பிள்ளய விட்டுட்டு மட்டும் போவ மாட்டேன்."

கருப்பசாமி எதிர்க்கவில்லை. பிள்ளை தாயோடு திருப்பூரில் இருக்கலாம். பள்ளி நாளில் பார்க்க முடியாது என்பதால் மாதம் இரண்டு ஞாயிறு, பகல் முழுக்க, தகப்பன் அங்கே போய்ப் பார்க்கலாம். அந்த ஞாயிறுகளுக்கு மில்லில் லீவு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அலுவலகத்தில் இதை வெற்றி என்றே பேசிக்கொண்டோம்.

3. ஞாயிறு

சில மாதம் கழித்து கருப்பசாமி மறுபடி வந்தார்.

"அந்த ஞாயித்துக்கெழமய எடுத்துருங்க மேடம்."

செல்வி தடுக்கிறாளா என்று கேட்டேன். இல்லை என்றார். சனிக்கிழமை செகண்ட் ஷிப்டை நள்ளிரவில் முடித்து, அப்படியே பஸ் ஏறி, நின்றுகொண்டே திருப்பூர் போகிறார். பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார்கிறார்.

"கண்ணு சொருகிருது மேடம். முழிச்சா வெயில் சாஞ்சு கெடக்கு. பிள்ள வெளையாடவே போவல. எம் பைய மடியில வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்துருக்கா. 'யாரும் எடுத்துறக் கூடாதுல்லப்பா'ங்கா. ஒரு தடவ இல்ல, போற தடவையெல்லாம் இப்படித்தான். அவ அம்மாட்ட சொல்லிருக்கா, அப்பா என்னப் பாக்க வரல, தூங்கத்தான் வாராகன்னு."

வேறு வழி இருக்கிறது என்றேன். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு விடுமுறைகளில் பிள்ளையைச் சேர்ந்தாற்போலச் சில நாள் ராஜபாளையத்தில் வைத்துக்கொள்ள மனு போடலாம்.

"போடுங்க. ஆனா ஞாயித்துக்கெழம வேண்டாம். எனக்குப் பிள்ள காவல் இருக்க வேண்டாம்."

"விடுமுறை வர்றவரைக்கும் பார்க்க முடியாதே?"

"பாக்காமத்தான் இருக்கணும்."

அப்படியே மனு எழுதினேன். செல்வி ஆட்சேபிக்கவில்லை, உத்தரவு வந்தது. ஞாயிறு நீங்கியது.

இப்போது மாற்றம் கேட்டு யார் வந்தாலும் நான் கேட்பவை: வேலை எங்கே, வீடு எங்கே, பிள்ளையின் பள்ளி எங்கே, எந்த நாள் ஓய்வு. பதில் ஞாயிறு என்றால், அதற்கு முந்தின ராத்திரி எந்த ஷிப்ட் என்று கேட்காமல் மனுவில் அந்த நாளை எழுதுவதில்லை.