ஏசி போட்டு மறைத்த சூடு

நாகப்பட்டினத்தில் இருந்த எங்கள் வீட்டை விற்க நினைத்தோம். மொட்டைமாடிச் சூடு அப்படியே உள்ளே இறங்கும் வீடு அது. அதை மறைப்பதற்காக, ஒரு தம்பதி வீடு பார்க்க வந்த அன்று காலையிலிருந்தே ஏசியை ஓடவிட்டேன். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது.

“ரெண்டு மாசத்துக்குக் கரண்ட் பில் எவ்வளவு வருதுங்க?” என்று அந்தப் பெண் கேட்டார்.

பில்களை எடுத்துக் கொடுத்து, “ஏசி போட்டு மறைக்கப் பார்த்தேங்க” என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். “தெரியாம வாங்கியிருந்தா தினமும் உங்களைத் திட்டியிருப்பேன். மாடியில கூலிங் டைல்ஸ் போட்டுக் கொடுங்க, வாங்கிக்கிறோம்.”

போட்டோம். சித்திரை வெயிலில் வந்து பார்த்து, வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது தஞ்சாவூரில் வீடு தேடுகிறேன். உச்சிவெயிலில்தான் போகிறேன்; முதலில் கரண்ட் பில்லைக் கேட்கிறேன்.