இரண்டாகக் கேட்ட பாண் மெட்டு

பிள்ளைகள் கட்டங்களை அடுக்கி விளையாட்டுகள் செய்யப் பழகும் நிரலாக்கத் தளம் ஒன்று இருக்கிறது. திறந்த மூலம். யாரும் அதன் நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். சேர்ப்பதா விடுவதா என்பதை அதைப் பராமரிப்பவர்கள் முடிவு செய்வார்கள். என்னுடைய இரண்டு திருத்தங்களை மிகவும் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த மரியாதைதான் எனக்கு எரிச்சல்.

கொழும்பில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, மகள் பிறந்த கையோடு இணுவிலுக்கு வந்தவள் நான். இடையில் நிரலாக்கத்தில் எல்லாமே மாறிவிட்டன. இந்த வேலை எனக்கு இன்னும் வருமா என்று தெரியவேண்டியிருந்தது. மூன்றாவதும் திரும்பி வந்தால் இந்த ஆசையை மூட்டை கட்டிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

மூன்றாவது, ஒலியை இயக்கும் பகுதி. நடுவில் நிறுத்திய ஒலியை, விட்ட இடத்திலிருந்தே தொடரவைப்பது. எழுதி அனுப்பினேன். அதைப் பரிசோதித்தவர், எந்த நாட்டவரோ தெரியாது, பதில் போட்டார்: வேகம் குறைந்த கைபேசிகளில் சிலவேளை ஒரே ஒலி இரண்டாகக் கேட்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்தால் சேர்க்கலாம். எனக்கோ எத்தனை தரம் அழுத்தினாலும் ஒன்றாகவே கேட்டது. கேட்காத பிழையை எங்கே போய்த் தேடுவது?

விட்ட இடத்தையும் தொட்ட இடத்தையும் காது உடனே பிடிக்கவேண்டும். அதனால் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னேரங்களில் பாண், பணிஸ், ரொட்டி விற்க வரும் ஓட்டோ ஆட்களைக் கூப்பிடப் போடும் மெட்டைப் பதிந்துவைத்திருந்தேன். அதைவிட எனக்கு மனப்பாடமானது வேறில்லை. நாள் முழுக்க வீட்டில் அதே மெட்டு.

"உதைக் கொஞ்சம் நிப்பாட்டப்பா, எனக்குச் சும்மா சும்மா பசிக்குது" என்றார் கணவர்.

வியாழன் பின்னேரம், பழைய கைபேசி ஒன்றில் ஓடவிட்டேன். மெட்டு இரண்டாகக் கேட்டது. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. நிறுத்தினேன். ஒன்று நின்றது, மற்றது பாடிக்கொண்டேயிருந்தது. கைபேசியைத் தலையணைக்கு அடியில் அமுக்கினேன். அப்போதும் பாடியது. என்ன பிடிவாதமான பிழை என்று வியந்தேன். கடைசியில் எனக்கும் கேட்டுவிட்டதே என்று ஒரே சந்தோஷம்.

உட்கார்ந்து, நிரலில் ஒலியை நிறுத்தும் பகுதியை வரி வரியாகத் துருவினேன். அகப்பட்டது. ஒலிக்கோப்பு முழுதாக வந்து சேருமுன் நிறுத்தினால், அந்தக் கட்டளை காற்றோடு போய்விடுகிறது. கோப்பு பிறகு ஆறுதலாக வந்து, தன்பாட்டில் பாடத் தொடங்குகிறது. திரும்ப ஓடவிட்டால் இரண்டு. திருத்தி, "பிழையை என் காதாலேயே கேட்டேன்" என்று பெருமையாக எழுதி அனுப்பினேன்.

பொழுதுபடும் நேரம் பக்கத்து வீட்டு அக்கா பையோடு வந்தார்.

"பிள்ளை, பாண்காரன்ரை ஓட்டோ ரயர் காத்துப்போய் உங்கடை படலையடியிலைதான் கனநேரம் நிண்டது. நீ எட்டியும் பாக்கேல்லை. அதான் உனக்கும் ஒரு றாத்தல் பாண் வாங்கினனான்."

"பாட்டும் போட்டவனோ அக்கா?"

"ஓம், அதை எங்கை நிப்பாட்டினவன்? என்ரை காது போச்சு."

பாணை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். தலையணையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பழைய நிரலை எடுத்து, கோப்பு வேண்டுமென்றே பிந்தி வரும்படி செய்து பார்த்தேன். மெய்யாகவே இரண்டு கேட்டது. திருத்திய நிரலில் ஒன்றுதான். நான் கேட்டது பாண்காரனை, ஆனால் கண்டுபிடித்தது பிழையைத்தான்.

"திருத்தம் சரிதானே, பேசாமல் விடன்" என்றார் கணவர், பாணைப் பிய்த்தபடி. எனக்கு மனம் கேட்கவில்லை. காதால் கேட்டேன் என்று எழுதியது நான். ரயர், படலை, அக்கா, தலையணை எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பட்டும் என்று படுத்துவிட்டேன்.

வெள்ளி காலை, பரிசோதித்தவரிடமிருந்து பதில் வந்திருந்தது. தன்னுடைய கைபேசியிலும் இப்போது ஒன்றுதான் கேட்கிறதாம். சேர்த்துவிட்டாராம். கீழே இன்னொரு வரி: ஒலிப் பகுதிக்குப் புதியவர் ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார், அதை நீங்கள் பரிசோதித்துச் சொல்ல முடியுமா?

திரும்பவும் வாசித்தேன். என்னைத்தான் கேட்டிருந்தார். கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன். மறுமொழிப் பெட்டியில் "ஓம்" என்று தமிழிலேயே எழுதிவிட்டு, பிறகுதான் அழித்து ஆங்கிலத்தில் எழுதினேன்.