மூன்று நிறச் சோறு

மாலை நாலு பத்துக்கு மொட்டை மாடியிலிருந்து கீழே இறங்கினேன். வேலைக்கு ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் போனில் கெஞ்சிவிட்டு வந்திருந்தேன். சமையலறைத் தரையில் பெரியவள் தன் தங்கைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் சோறு பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் கீரையோ கேரட்டோ கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சின்னவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பற்கள் பச்சையாக இருந்தன.

பொங்கலுக்கு வாங்கி மீந்த கலர் கோலப்பொடி.

"டீச்சர் சொன்னாங்கப்பா. தட்டுல மூணு கலர் இருந்தாத்தான் சத்து. வெறும் வெள்ளையா சாப்ட்டா வளர மாட்டாங்களாம். பாப்பா வளரவே இல்லல்ல?"

அம்பத்தூர் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று எங்களை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து ரேஷன் அரிசிச் சோறும் நீர்த்த ரசமும்தான். பெரியவளுக்குப் பள்ளியில் மதியம் முட்டை கிடைக்கும். மூன்று வயதுக்காரிக்கு எங்கள் சோறுதான். அவள் இளைத்துக்கொண்டே போவதை நானும் மனைவியும் பார்த்தோம். அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. எட்டு வயதுப் பெண் அதையும் கவனித்து, மருந்தும் கண்டுபிடித்திருந்தாள்.

அதற்குள் சின்னவள் வாந்தியெடுக்கத் தொடங்கினாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். பாரிவாக்கம் தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரர் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, ஹோலி ஆடிகினு வர்றியா?"

தோளில் தொங்கிய தலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார். "இன்னா துன்னுச்சு?"

"கோலப்பொடி. சோத்துல கலந்து."

"மண்ணத் துன்ற புள்ளைங்களப் பாத்துகீறேன். சோத்துல கோலம் போட்டுத் துன்றத இப்பத்தான் பாக்குறேன். படிச்ச ஆளு மாதிரி வேற கீறீங்க."

மூக்கு வழியாகக் குழாய் இறக்கினார்கள். திமிறாமல் இருக்க நான் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டேன். பிடிப்பதற்கு அதிகம் இல்லை. பச்சைத் தண்ணீர் வந்தது. பிறகு சிவப்பாக வந்தது. அது பொடியா ரத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற பெரியவள் என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, பாப்பாவுக்குச் சத்து ஜாஸ்தியாயிடுச்சா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சிவப்பும் பொடிதான் என்றார் டாக்டர். டிரிப்ஸ் ஏற்றிவிட்டு, அவள் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"பொழைச்சுக்கும். பொடியால பெரிசா ஒண்ணும் இல்ல. ஆனா உடம்புல சதையே இல்லையே. என்ன குடுக்கறீங்க?"

"சோறு" என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

என் மனைவிக்குக் கரையான்சாவடியில் துணிக்கடையில் வேலை. கூட்டம் குறையும்வரை அவளை விடவில்லை. விளக்கு வைத்த பிறகுதான், கடைச் சீருடைப் புடவையோடு ஓடி வந்தாள். சின்னவளின் மார்பு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"இஸ்கூல்ல ஆயிரம் சொல்லுவாங்க. நம்ம ஊட்ல சோறு வெள்ளையாத்தான் இருக்கும். தெர்தா?"