தொண்டூர்க் கிணற்றில் ஒரு மதில் வாட்ச்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் பீரோவைத் திறந்து பார்க்கிற யாரும் இதை நம்பமாட்டார்கள். துணிகளுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் நான் சேர்த்து வைத்திருப்பதெல்லாம் கடலுக்குள் மூழ்குகிறவர்கள் கட்டிக்கொள்ளும் கைக்கடிகாரங்கள்தான்.

தண்ணீர் மட்டும் இல்லை. கரண்ட் பயம், தெருநாய் பயம், உயரம் பயம். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தும் ராஜகிரிக் கோட்டை உச்சியை நான் பார்த்ததில்லை. உச்சிக்கு முன்னால் வருகிற பாலத்தைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர்கள் போய்த் திரும்பும்வரை குரங்குகளுக்குப் பயந்துகொண்டு அங்கேயே இருந்தேன். பத்திரம் எழுதும் அலுவலகத்தில் எனக்கு வேலை. எல்லை தப்பிவிடுமோ, சர்வே எண் மாறிவிடுமோ என்று ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். அந்த வேலைக்கு என் பயம் ரொம்பவும் பொருத்தம்.

எல்லா முங்கு வாட்சுகளையும் நான் வாங்குவதில்லை. ஒரே ஒரு ஜாதிதான். வாட்சின் உடம்பைச் சுற்றி இன்னொரு உலோக உறை போட்டிருப்பார்கள், டப்பாவுக்குள் வைத்த மாதிரி. அதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்த வாட்சுகளில் கண்ணாடியைச் சுற்றி ஒரு திருகு வளையம் இருக்கும். முங்குவதற்கு முன் அதைத் திருப்பி நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று என்று தெரிந்துகொள்ளலாம். அந்த வளையம் எதிலாவது இடித்துத் தானாகத் திரும்பிவிட்டால் மூச்சுக் கணக்கு தப்பிவிடும். ஆளே போய்விடலாம். அதைத் தடுக்கத்தான் அந்த உறை. என்னைப் போல வாட்ச் சேர்க்கிறவர்களின் வாட்ஸாப் குழுவில் அதற்கு ஷ்ரவுட் என்பார்கள். நான் செஞ்சிக்காரன், எனக்கு அது மதில். என் மனைவி எல்லாவற்றையும் சேர்த்து ‘டப்பா வாட்ச்’ என்பாள்.

“பக்கெட் தண்ணிக்கே பயப்படற ஆளுக்கு டப்பா வாட்ச் இன்னாத்துக்குங்க?” என்று அவள் கேட்காத மாதம் இல்லை. பயப்படுகிறவனுக்குத்தானே மதில் வேண்டும் என்று பதில் சொல்வேன். அவள் சிரிப்பாள். அவளுக்குப் பயப்படவே தெரியாது. தொண்டூரில் பிறந்தவள், நடக்கப் பழகியதுமே கிணற்றில் குதிக்கவும் பழகியவள்.

என்னிடம் இருந்ததிலேயே பழையது நான் பிறப்பதற்கு முன்னால் செய்தது. சென்னையில் ஒருவரிடம் வாங்கினேன். துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்த்த ஒருவருடையது என்று சொல்லித்தான் கொடுத்தார். முட்களில் பூசிய ஒளிப்பூச்சு பழுத்து வெண்ணெய்நிறமாகியிருந்தது. இருட்டில் அது எரியாது. மதிலில் கறுப்புப் பூச்சு உரிந்து, முனைகளில் சாம்பல்நிற உலோகம் தெரியும். மதிலுக்கும் உடம்புக்கும் நடுவே அகலமான இடுக்கு. வாங்கியபோது அதில் உப்பும் அழுக்கும் கெட்டியாக அடைந்திருந்தது. பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. இதைக் கட்டியிருந்த ஆள் கடைசித் தடவை மேலே வந்தாரா?

புதியது நேர்மாறு. மதில் உடம்போடு ஒட்டி இருக்கும், இடுக்கில் நூல்கூட நுழையாது. விளக்கை அணைத்தால் பச்சையாக எரிந்து அறையையே காட்டும். கையில் எடுத்தால் கனம் குறைவு. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. குழுவிலும் அதே பேச்சுதான். பழசுதான் உண்மையான வாட்ச், புதுசு வெறும் அழகு என்று நான் எழுதுவேன். பழசுக்குள் தண்ணீர் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம் இந்நேரம் செத்திருக்கும், ஒரு சொட்டு தண்ணீர் தாங்காது என்று எதிரில் ஒருவர் எழுதுவார். ஒருநாள் அவர், ‘அவ்வளவு நம்பிக்கை இருந்தால் தண்ணீரில் போட்டுக் காட்டுங்க சார்’ என்று எழுதிச் சிரிப்பு பொம்மை போட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது.

அடுத்து மனைவியோடு தொண்டூருக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோது இரண்டு வாட்சையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த வருடம் நல்ல மழை. நிலத்துக் கிணறு மேல்படிகளைத் தொட்டுக்கொண்டு நிறைந்திருந்தது. மாமனார் காலத்துக்குப் பிறகு பயிர் பார்ப்பது மச்சான்தான். அன்று காலை நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செஞ்சிக்குக் கிளம்பியவன், வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னான்:

“மாமா, கேபிள் ஜாயிண்ட்டு தண்ணிக்குள்ள கசியுது. மோட்டார் ஓடறப்ப யாரும் எறங்காதீங்க. சுருக்குனு அடிக்குது.”

“அப்ப ஆஃப் பண்ணிட்டுப் போயேன்” என்றேன்.

“ஆட்டோல கெடக்குது மாமா. கரண்ட்டு மதியானத்துக்கு மேலதான் வரும். அதுக்குள்ள வந்துடறேன்.”

எங்கள் பக்கம் விவசாயத்துக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் நாளெல்லாம் இருக்காது. வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆட்டோ என்று ஒன்றைப் போட்டு வைத்திருப்பார்கள். கரண்ட் வந்து கொஞ்சம் நிலைத்ததும் ஆள் இல்லாமலே மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். மச்சான் சொன்னதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் கிணற்றருகே போனதும் என் கவனமெல்லாம் வாட்சில் போய்விட்டது.

வழுக்கிவிடுமோ என்று செருப்பை விளிம்பில் கழற்றிவிட்டு, மூன்றாவது படிவரை இறங்கி நின்றேன். அதற்குமேல் எனக்குக் கால் வராது. புது வாட்சை அதன் பட்டையில் நைலான் கயிறு கட்டி இறக்கினேன். பழையதன் பட்டை நாள்பட்ட ரப்பர், அறுந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் மதிலின் இடுக்கிலேயே கயிற்றை விட்டு, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டேன். பட்டையில் கட்டியிருந்தால் அது நீளவாக்கில் தொங்கியிருக்கும். இப்படிக் கட்டியதால் தட்டு மாதிரி மல்லாந்துகொண்டு இறங்கியது. புது வாட்ச் ஒழுங்காக மேலே வந்தது. பழையதை இழுத்தபோது கயிறு விறைத்து நின்றது. மோட்டார் பைப்பைப் பிடித்திருந்த ஏதோ ஒன்றில் மதில் மாட்டிக்கொண்டது.

இன்னும் இழுத்தால் மதில் பிய்ந்துவிடும் என்று பயம். விட்டால் வாட்ச் போய்விடும் என்று பயம். கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

“இன்னாங்க, சாமி வந்த மாதிரி நடுங்கறீங்க?” என்று கேட்டுக்கொண்டே மனைவி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும், துப்பட்டாவைக் கழற்றி என் தோளில் போட்டாள்.

“வேணாம்மா. மச்சான் வரட்டும்.”

“கரண்ட்டே இல்ல, இன்னா பயம்? அந்தப் புதுசுல நேரம் பாத்துக்கினு இருங்க” என்று சொல்லிவிட்டுக் குதித்தாள்.

முதல் தடவை சீக்கிரமே மேலே வந்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, “போல்ட்டு புடிச்சிக்கினு இருக்குது. கழட்டிடலாம்” என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் பைப்பைப் பிடித்து இறங்கினாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று தெரிந்தும் நான் புது வாட்சின் வளையத்தைத் திருப்பி வைத்தேன். இத்தனை வருடத்தில் ஓர் ஆளுக்காக அந்த வளையத்தைத் திருப்பியது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் பக்கத்து நிலத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

கரண்ட் வந்துவிட்டது. மதியத்துக்கு மேல்தான் வரும் என்றது முன்னாலேயே வந்துவிட்டது. எங்கள் ஸ்டார்ட்டரும் எழுந்துகொள்ளப் போகிறது. எவ்வளவு தாமதத்துக்கு மச்சான் வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த வாட்சைப் பார்த்தேன். முள் இருந்தது, எண் இருந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தண்ணீருக்குள் இருப்பவளுக்கு எப்படிக் கேட்கும்? கயிற்றை ஆட்டினால் தெரியுமா? தெரிந்தாலும் வாட்ச் கழன்று வருகிறது என்றல்லவா நினைப்பாள்? அவளை விட்டுவிட்டுப் போகவும் பயமாக இருந்தது. கடைசியில் கயிற்றையும் வாட்சையும் அப்படியே போட்டுவிட்டு, வெறுங்காலோடு மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன்.

அந்தப் பெட்டியை என் வாழ்நாளில் தொட்டதில்லை. உள்ளே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உர்ரென்று ஒரு சத்தம். துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மெயின் சுவிட்ச் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். படாரென்று விழுந்தது. சத்தம் நின்றது. எனக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. மூன்று ப்யூஸ் கேரியரையும் ஒவ்வொன்றாக உருவித் துப்பட்டாவில் போட்டு முடிந்துகொண்டேன். பிறகு திரும்ப ஓடினேன். காலில் முள் ஏறியது அப்போது தெரியவே இல்லை.

கிணற்றில் யாரும் இல்லை.

தண்ணீர் மட்டத்துப் படியில் பழைய வாட்ச் இருந்தது. ஈரம் சொட்டிக்கொண்டு, முடிச்சோடு. அப்படியென்றால் அவள் மேலே வந்திருக்கிறாள். வாட்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து படியிலும் வைத்திருக்கிறாள். அவள் மட்டும் இல்லை. தண்ணீர் கலங்கிக்கொண்டிருந்தது. நான் சுவிட்சை இழுப்பதற்குள் ஒரு நொடி மோட்டார் ஓடிவிட்டதா? படியேறும்போது அடித்து உள்ளே இழுத்துவிட்டதா? எனக்குக் காது அடைத்தது. நான்காவது படி, அதற்கடுத்த படி என்று எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. காலில் ஏதோ இடறிச் சரிந்து உள்ளே போனது. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

சட்டென்று நடுக்கிணற்றில் அவள் தலை தெரிந்தது. வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே மூச்சில் மறுபடியும் உள்ளே போனாள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அடுத்த தடவை அவள் படிக்குப் பக்கத்தில் எழுந்தபோது, எட்டிப் பிடித்தது அவள் தலைமுடியை. அப்படியே இழுத்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. உதடு வெளுத்து, கண் இரண்டும் பிதுங்கி இருந்தது.

“யோவ், எங்கய்யா போன?” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ‘வாங்க போங்க’ தவிர வேறு பேசாதவள். “எங்கய்யா போன நீ?”

அவள் வாட்சோடு மேலே வந்தபோது விளிம்பில் என் செருப்பு இருந்திருக்கிறது. புது வாட்ச் படியில் கிடந்திருக்கிறது. நான் கைவிட்ட கயிறு முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. ஆள் இல்லை. நீச்சல் தெரியாத மனுசன் அந்தப் பாழாய்ப்போன வாட்சுக்காகத் தடுமாறி உள்ளே விழுந்துவிட்டான் என்று நினைத்து, வாட்சைப் போட்டுவிட்டு என்னைத் தேடத்தான் திரும்பத் திரும்ப முங்கியிருக்கிறாள். அடியில் சேற்றைத் துழாவினேன் என்றாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது.

நான் துப்பட்டாவை அவிழ்த்துக் காட்டினேன். மூன்று ப்யூஸ் கேரியரையும் பார்த்தாள். பக்கத்து நிலத்து மோட்டார் சத்தத்தை அப்போதுதான் கேட்டாள். என் மார்பில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன். மச்சான் வந்து எங்களையும் ப்யூஸ் கேரியர்களையும் பார்த்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனான். மறுநாளே கேபிளை மாற்றினான்.

என் காலில் இடறி உள்ளே போனது பழைய வாட்ச்தான். முங்கி எடுத்துத் தருகிறேன் என்று மச்சான் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். ரப்பர் வளையம் தாங்கியதா, தண்ணீர் உள்ளே போனதா என்று குழுவில் இன்னும் கேட்கிறார்கள். தெரியவில்லை என்று எழுதிவிட்டேன். உண்மையும் அதுதான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டூருக்குப் போகிறோம். முதுகில் காலி கேனைக் கட்டிக்கொண்டு, இந்த வயதில் நான் நீச்சல் பழகுகிறேன். தண்ணீர் பயம் எனக்குப் போய்விட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். இன்றைக்கும் ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டுதான் இறங்குகிறேன். கேபிள் புதுசுதான், மச்சானே நேரில் நின்று சுவிட்சை அணைக்கிறான். ஆனாலும் அவள் கேட்கமாட்டாள். கொட்டகைக்குப் போய் ப்யூஸ் கேரியரை எல்லாம் உருவிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டுதான் படியில் உட்காருவாள். என் செருப்பை விளிம்பில் விடக்கூடாது. அதை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். புது வாட்ச் அவள் கையில் இருக்கிறது, தளர்ந்து, முழங்கை வரை ஏறிக்கொண்டு. நான் தலையை முக்குவதற்கு முன் வளையத்தைத் திருப்பி வைக்கிறாள். ஒவ்வொரு தடவை நான் மேலே வந்து கண்ணைத் துடைத்துப் பார்க்கும்போதும், உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுகொண்டிருக்கிறாள்.