வாட்டுக்கு வராத பிள்ளைகள்

இன்று கல்முனை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த இளம் டொக்டர், நான் ஆஸ்பத்திரிச் சிறுவர் வாட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி என்று அறிந்ததும், தங்கள் சிறுவர் வைத்தியத் துறையின் இந்த வருடச் சாதனைகளை ஃபோனில் காட்டினார். விருது, ஆய்வு, புதுக் கட்டிடம்.

"எண்பதுகள்ல நீங்க வாட்டுல இரிக்கக்குள்ள என்ன சாதிச்சீங்க, சிஸ்டர்?"

சொன்னேன். ஒரு வருடம் முழுக்க ஊர் உம்மாமாருக்கு, பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் உடனே உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கொடுக்கப் பழக்கினோம். வயிற்றோட்டம் பெருகும் மாரிகாலம் வந்தது. மருத்துவ மாணவர்களோடு பேராசிரியரும் வந்தார். வயிற்றோட்டக் கட்டில்கள் எல்லாம் காலி.

"மாணவர்களுக்குக் காட்ட ஒரு பிள்ளையும் இல்லையா?" என்று சினந்தார்.

"இல்ல சேர். எல்லாம் வீட்டுல விளையாடுதுகள்" என்றேன்.

அந்த வருடம் எங்கள் வாட்டுப் பக்கமே வராத பிள்ளைகள் இதை வாசித்தால் ஒரு லைக் போடுங்கள். பேராசிரியர் கேட்ட பிள்ளைகளை இப்போதாவது காட்டலாம்.